மொகம் தெறந்துகீதா?

பழவேற்காட்டுக்கு நான் முதல் தடவை போனது பூநாரை பார்க்க. நண்பர் ஒருவர் எடுத்த படத்தில் ரோஜா நிறத்தில் ஒரு பெருங்கூட்டம் இருந்தது. அதைப் பார்த்த வாரமே சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, பஸ் ஏறிவிட்டேன். மாதம் மே. அதிலேயே என் பறவை ஞானம் எவ்வளவு என்று தெரிந்திருக்கும்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் காலி அன்னக்கூடை. போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். "மொகம் தெறந்துகீதா, அடைச்சிக்கினு கீதா? அத மொதல்ல சொல்லு." மூக்கு அடைக்கும், காது அடைக்கும், முகம் எப்படி அடைக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இறங்கி டீ குடித்த கடையிலும் அதே பேச்சு. முகம், முகம், முகம். இரண்டாவது டீயில்தான் உறைத்தது. முகத்துவாரம். ஏரியும் கடலும் சேருகிற இடம். அன்று அது மணல் அடைத்துக் கிடந்தது. கடைக்காரர் தன் வீட்டு வாசலையே யாரோ அடைத்துவிட்ட மாதிரி அதைச் சொன்னார்.

பூநாரை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக அதற்குப் பிறகு பத்து பன்னிரண்டு தடவை போய்விட்டேன். இந்தப் பதிவும் அதைப் பற்றித்தான். பறவை, நண்டு, டச்சுக்காரன் எல்லாம் வரும். ஆனால் எல்லாருமே அந்த வாய் வழியாகத்தான் வருவார்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டை நாம் ஏரி என்கிறோம். மதுராந்தகத்தையும் ஏரி என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதில் பழவேற்காட்டுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். இது மழைநீரைத் தேக்க மனிதன் கரை கட்டிய ஏரி இல்லை. கடல் தானே மணலைக் குவித்துக் கரை கட்டிக்கொண்டு, தன்னில் ஒரு துண்டை உள்ளே விட்டுவைத்த காயல். நெய்தல் நிலத்துக்காரர்கள் கழி என்றும் காயல் என்றும் சொல்லிவந்த ஜாதி நீர். இந்தியாவில் இதைவிடப் பெரிய உவர்நீர்க் காயல் ஒடிசாவின் சிலிகா ஒன்றுதான்.

வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். அகலம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் இக்கரையில் நின்று அக்கரை ஆளைக் கூப்பிடலாம். நடுவில் 17 கிலோமீட்டர் வரை விரிந்து அக்கரையே தெரியாது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கியும் வந்து விழுகின்றன; வடக்கு முனைக்குச் சொர்ணமுகியின் நீரும் வருகிறது. பக்கிங்ஹாம் கால்வாய் இதற்குள் நுழைந்து வெளியேறிப் போகிறது. கடலுக்கும் காயலுக்கும் நடுவில் நீளமாகப் படுத்திருக்கிற மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஆமாம், ராக்கெட் விடுகிற அதே இடம். பழவேற்காட்டுக் கடற்கரையில் நின்று ராக்கெட் பார்த்திருக்கிறேன். வடக்கே நெருப்பு எழும்பி, வளைந்து, மேகத்துக்குள் போய்விடும். சத்தம் ஒன்றரை நிமிஷம் கழித்து வந்து சேரும். அதற்குள் பாதிப் பேர் முடிந்துவிட்டது என்று கிளம்பியிருப்பார்கள்.

இத்தனை பெரிய நீர்ப்பரப்பு எவ்வளவு ஆழம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலான இடங்களில் இடுப்பளவு. சராசரி ஒரு மீட்டர் என்கிறார்கள். ஓடைகளிலும் முகத்துவாரத்தை ஒட்டியும்தான் ஆழம். அதனால்தான் நீர் ஏறும்போது 450 சதுர கிலோமீட்டர் வரை பரவுகிற இதே காயல், வற்றும்போது 250க்கு வந்துவிடுகிறது. தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி. கொஞ்சம் சாய்த்தால் ஒரு பக்கம் ஓடிவிடும், மறுபக்கம் தட்டு தெரியும். அந்தத் தட்டு தெரிகிற இடம்தான் பறவைகளுக்குச் சாப்பாட்டுப் பந்தி.

இப்போது முகம்.

நம் கடற்கரை நிலையாக நிற்கிற கரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய மாதங்களில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். மணலை வடக்கே தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்ததும் திசை திரும்பி மணல் தெற்கே போகும். கடலில் ஓடுகிற நீரோட்டத்துக்குக்கூட சென்னைப் பக்கத்து மீனவர்களிடம் தனித்தனிப் பேர் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே போனால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி. வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போகிற மணல்தான் மிகவும் அதிகம். இந்தக் கணக்குக்கு நாம் எல்லாரும் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே தேங்கியது. அதுதான் இவ்வளவு அகலமான மெரினா. மணல் வராமல் போன வடபக்கம் ராயபுரத்திலிருந்து மேலே கடல் அரித்தது. மெரினாவில் சுண்டல் தின்கிறபோது நாம் உட்கார்ந்திருப்பது ராயபுரத்துக்குப் போகவேண்டிய மணலில்.

இப்படிக் கரையோரமாக நகர்ந்து போகிற மணலுக்குக் குறுக்கே ஒரு வாய் திறந்திருந்தால் என்ன ஆகும்? மணல் அதை மூடப் பார்க்கும். உள்ளேயிருந்து வருகிற நீர் மூடவிடாமல் தள்ளும். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் வந்து காயல் நிரம்பியிருக்கும்போது நீர் ஜெயிக்கும். முகம் நூறு நூறு மீட்டராக அகலும். தை, மாசி கழிந்து ஆற்றில் நீர் நின்று, வெயில் ஏறியதும் மணல் ஜெயிக்கும். நடுவில் திட்டு விழும், படகு தரை தட்டும், ஒருநாள் காலையில் பார்த்தால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்து போய்விடலாம். இந்தச் சண்டையில் முகம் ஒரே இடத்தில் இருக்கவும் மாட்டேன் என்கிறது. ஒரு வருஷம் இங்கே, அடுத்த வருஷம் கொஞ்சம் வடக்கே.

அடைத்துக்கொண்டால் உள்ளே நடப்பது உப்புக் கணக்கு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அடைமழையில் ஆறு வந்து விழுகிற பக்கம் காயல் நீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் ஆகிவிடும். முகம் அடைத்த கோடையில் கடலிலிருந்து புதுநீர் வராது. இருக்கிற நீரை வெயில் குடிக்கும். உப்பு கடலை மிஞ்சிவிடும். நல்ல தண்ணீருக்கும் கடலைவிட உப்பான தண்ணீருக்கும் நடுவில் ஒரே வருஷத்துக்குள் ஊசலாடுகிற ஒரு வீட்டில் குடியிருக்க எல்லா உயிருக்கும் முடியாது. முடிந்தவை மட்டும் இருக்கின்றன. முடியாதவை வாய் திறந்திருக்கும்போது வந்து, மூடுவதற்குள் போய்விடுகின்றன.

இறாலைப் பாருங்கள். வெள்ளை இறால் முட்டை விடுவது கடலில். ஒரு தாய் லட்சக்கணக்கில் விடும். பொரிந்த குஞ்சு இரண்டு மூன்று வாரம் கடலில் மிதந்து, ஒரு சென்டிமீட்டர் அளவு கண்ணாடித் துணுக்கு மாதிரி ஆனதும், ஏறுகிற நீரோடு முகத்துவாரம் வழியே காயலுக்குள் வரும். காரணம் சாப்பாடு, இதமான சூடு, பெரிய மீன்களின் தொந்தரவு குறைவு. சில மாதம் சேற்றில் மேய்ந்து விரல் நீளம் ஆனதும், இரவில், நீர் வற்றுகிற நேரம் பார்த்து, வந்த வழியே கடலுக்குத் திரும்பும். அங்கேதான் முழுசாக வளர்ந்து முட்டை விடும். மடவையும் முட்டை விடக் கடலுக்குத்தான் போகும். சேற்று நண்டும் அப்படியே. பெண் நண்டு முட்டையைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போகும், குஞ்சு திரும்பி வரும். இத்தனை பேரும் போகிற வருகிற கதவு அந்த முகம். கதவு சாத்தியிருக்கும்போது வெளியே பொரிந்த இறால் குஞ்சுக்கு உள்ளே ஒரு காயல் இருப்பதே தெரியாது.

இறால் வெளியேறுகிற இந்த இரவுப் பயணத்தை வைத்து ஒரு முறையே கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பேர் பாடு. நீர் ஓடுகிற வழிகளில் கழி நட்டு வலை கட்டி, வற்றும் நீரோடு வருகிற இறாலைப் பிடிப்பது. நல்ல வழிகள் கொஞ்சம்தான், ஆட்கள் அதிகம். எனவே யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்களின் பட்டினவ மீனவர்கள் பல தலைமுறையாகக் காப்பாற்றி வருகிற ஏற்பாடு. ஊரில் தலைக்கட்டாக, அதாவது தனிக் குடும்பமாக, கணக்கில் இருப்பவர்களுக்குத்தான் பாடு உரிமை. எனக்கு இந்தச் சொல்லே பிடிக்கும். மீன் கிடைப்பதும் பாடு, மனுஷன் படுவதும் பாடு. "மீன்பாடு எப்படி?" என்று கேட்டால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் வரும்.

இதை வெளியிலிருந்து போகிற ஆராய்ச்சிக்காரர்கள் மெச்சுவார்கள். பொதுச் சொத்தைச் சண்டை இல்லாமல் பகிர்ந்துகொள்கிற முறை என்று. பாதி உண்மை. உள்ளே இருப்பவர்களுக்குள் சண்டை இல்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அதே காயல்கரையில்தான் இருக்கிறார்கள். அவர்களில் கடைசி வரிசை இருளர்கள்.

ஒரு மாசிக் காலையில் நான் கண்ட காட்சி இது. இடுப்பளவு நீரில் ஆறேழு இருளர் பெண்கள் முழங்காலை மடித்துக் குந்தினாற்போல நகர்ந்துகொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தலைகள் மட்டும் மிதக்கிற மாதிரி. கிட்டப் போனால் ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பறி. பனையோலையில் பின்னிய கூடை. அதன் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். இரண்டு கையும் நீருக்கு அடியில் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு கை மூடும், மேலே வரும், விரலிடுக்கில் துள்ளுகிற இறால் பறிக்குள் விழும். கை மறுபடி உள்ளே. பார்க்காமல், வெறும் தொடுகையில் இது நடக்கிறது. வலை இல்லை, படகு இல்லை, பாடு இல்லை.

அறிவில்லாமல் ஒருவரிடம், "அக்கா, எவ்வளவு நேரம் இப்படி இருப்பீங்க?" என்று கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாவது தடவையும் கேட்டேன். அப்போதுதான் பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "வாயில இது இருக்கச்சொல்ல எப்டிய்யா பேசறது?" என்றார். கூட இருந்தவர்கள் பறியைக் கவ்விக்கொண்டே சிரித்தார்கள். நான் அசடு வழிந்தேன். அப்புறம் கையைக் காட்டினார். விரல் நுனிகளில் எல்லாம் கீறல். சிப்பி ஓடு கிழித்தது, கெளுத்தி முள் குத்தியது. கெளுத்தி குத்தினால் அன்றைக்கு வேலை போச்சு, கை வீங்கிவிடும் என்றார். நீர் ஏறுகிற வரைக்கும் நாலைந்து மணி நேரம் தடவுவார்களாம். கழுத்துக்கு நீர் வந்தால் கரை. முகம் அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நீர் நாறிவிடும், உடம்பு அரிக்கும், இறாலும் இருக்காது, செங்கல் சூளைக்குப் போவோம் என்றார். பறியை மறுபடி கவ்விக்கொண்டார். பேட்டி முடிந்தது.

பறவைகளுக்கு வருகிறேன். இல்லையென்றால் அடிக்க வருவீர்கள்.

பூநாரை. முதல் விஷயம், படத்தில் பார்க்கிற ரோஜா நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே கூட்டம் கூட்டமாக வருவது பெரிய பூநாரை. நிற்கும்போது தூரத்தில் அழுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். யாரோ வேட்டிகளைக் காயப்போட்ட மாதிரி. பறக்கும்போது இறக்கையை விரித்தால்தான் உள்ளே ஒளித்துவைத்த சிவப்பும் கறுப்பும் வெளியே வரும். அந்த ஒரு நொடிக்கு இத்தனை தூரம் போகலாம். போயிருக்கிறேன்.

இரண்டாவது, அது சாப்பிடுகிற அழகு. கழுத்தை நீட்டித் தலையை முழுசாகக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி நீருக்குள் வைக்கும். நாக்கை முன்னும் பின்னும் தள்ளி நீரை இழுத்துத் துப்பும். அலகின் ஓரத்தில் இருக்கிற சன்னமான சீப்பு மாதிரியான தட்டுகளில் பாசியும் பூச்சிகளும் சின்னஞ்சிறு இறால் இனங்களும் சிக்கும். சமயத்தில் ஒரே இடத்தில் நின்று காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். தெருக்கூத்துக்காரர் அடவு போடுகிற மாதிரி சின்னச் சின்ன அடியாக வட்டம் சுற்றும். தின்கிற பாசியிலும் இறாலிலும் இருக்கிற நிறமிதான் அதன் இறகில் ஏறுகிறது. சாப்பாடு சரியில்லை என்றால் நிறம் வெளுக்கும்.

இந்தச் சாப்பாட்டுக்கு நீர் முழங்கால் அளவில் இருக்கவேண்டும். ரொம்ப நிரம்பினாலும் ஆகாது, வறண்டாலும் ஆகாது. முகம் திறந்து நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் தினமும் புதிதாகச் சேறு தெரியும், புதிதாகப் பந்தி விரிப்பார்கள். அதனால்தான் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். தமிழ்நாட்டுப் பகுதி 1980ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மனதைப் புண்படுத்தாமல் ஓர் உண்மையைச் சொல்கிறேன்: பூநாரை கிட்டத்தில் பார்க்க ஆந்திரப் பக்கம்தான் போகவேண்டும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் காயலின் குறுக்கே போட்ட சாலையில் இரண்டு பக்கமும் நிற்கும். அந்தச் சாலையே நீரோட்டத்தை இரண்டாக வெட்டுகிறது என்பது வேறு கதை. பறவை பார்க்க வசதியாக இருக்கிற சாலை, பறவைக்கு வசதியான சாலை என்று அர்த்தமில்லை.

பூநாரையைத் தேடிப் போகிறவர்கள் மற்றவர்களைக் கவனிப்பதில்லை. கூழைக்கடா கூட்டமாக வளையம் கட்டி மீனை ஓரத்துக்கு விரட்டும். சூளூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற நேலப்பட்டில் மரத்தில் கூடு கட்டிக்கொண்டு, இரைக்குக் காயலுக்கு வந்து போகிறவை அதில் நிறைய. மஞ்சள்மூக்கு நாரை அலகைத் திறந்து நீரில் வைத்துக்கொண்டு, மீன் தானாக வந்து தொடும்வரை காத்திருக்கும், தொட்டதும் மூடும். இருளர் அக்காக்களின் கை மாதிரியே. கரண்டிவாயன், பவளக்கால் உள்ளான், பல ஜாதி ஆலா. வலசை வருகிற சின்ன உள்ளான்களை எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. எல்லாம் பழுப்பு, எல்லாம் ஓடும். வட ஆசியாவில் பனி மூடுவதற்குள் கிளம்பி, ஒரு பிடி எடைகூட இல்லாத உடம்போடு இங்கே வந்து சேற்றைக் குத்துகின்றன என்பது மட்டும் போதும் எனக்கு. கடற்கரைப் பக்கம் தை முதல் பங்குனி வரை இரவில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும்.

டச்சுக்காரர்களைச் சொல்லாமல் பழவேற்காடு பற்றி யாரும் எழுத முடியாது. சுருக்கமாக: 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரம் இதுதான். துணி ஏற்றினார்கள், வெடிமருந்து செய்தார்கள், மனிதர்களை அடிமைகளாக விற்றார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன; எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் முள்காடு. எனக்கு இதில் பிடித்த மிச்சம் ஒன்றுதான். மலேசியாவில் ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட லுங்கிக்குக் காயின் பெலிக்காட் என்று பேர். பெலிக்காட் என்பது வெள்ளைக்காரர்கள் வாயில் திரிந்த பழவேற்காடு. கோலாலம்பூரில் உறவினர் வீட்டில் ஒருவர் அந்தத் துணியோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான் அதைச் சொன்னேன். "அப்படியா, இது இந்தோனேசியா சரக்கு" என்றார். உண்மைதான், இப்போது அங்கேயும் நெய்கிறார்கள்.

இனி கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

முகம் அடைப்பது புதிதில்லை. என் மனதில் தங்கிய பேச்சு ஒரு பெரியவருடையது. லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "முன்னயும் அடைக்கும் தம்பி. கோடைல அடைக்கும், மழைல ஒடச்சிக்கும். இப்ப மழ பேஞ்சி மூணு மாசத்துல அடைக்குதே, அது எப்டி?" ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வி. அவர்கள் கைகாட்டுவது தெற்கே. எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001ல் வந்தது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொன்று. இரண்டுக்கும் கடலுக்குள் நீளமான கல்சுவர். மெரினா கணக்கு இங்கே அப்படியே பொருந்தும்: சுவருக்குத் தெற்கே மணல் தேங்கும், வடக்கே அரிக்கும். துறைமுகத்துக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவில் இருப்பது ஒல்லியான மணல்பட்டை. ஒருபக்கம் கடல், மறுபக்கம் காயலும் பக்கிங்ஹாம் கால்வாயும். அந்தப் பட்டை மெலிந்தால் முகம் இருக்கிற இடம், ஆழம், திறக்கிற மாதம் எல்லாம் கலையும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் ஏன் இவ்வளவு ஆங்காரமாக எதிர்க்கிறார்கள் என்று கேட்பவர்கள், ஒரு மாலை அந்த மணல்பட்டையில் நடந்து பார்க்கலாம். இரண்டு நீரும் ஒரே பார்வையில் தெரியும்.

முகத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க இருபுறமும் கல்சுவர் கட்டவேண்டும் என்பதும் மீனவர்களே நெடுங்காலமாகக் கேட்டுவருவது. அரசும் அதற்கு இறங்கியிருக்கிறது. எனக்கு இதில் இரண்டு மனது. படகு தரை தட்டிக் கவிழ்ந்து ஆள் போகிற இடம் அது. சுவர் கேட்பவரை நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சுவர் செய்த வேலைக்கு மருந்தாக இன்னொரு சுவர் கட்டினால், அதற்கும் ஒரு வடக்கு உண்டு. அங்கேயும் ஒரு குப்பம் உண்டு.

திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிலிகா இருக்கிறது. அங்கேயும் மணல் சேர்ந்து வாய் தூர்ந்து, மீன் குறைந்து, நீர்க்களை மண்டிக் கிடந்தது. 2000 செப்டம்பரில் கடலுக்கு ஒரு புது வாய் வெட்டினார்கள். சில வருஷத்திலேயே மீன்பாடு பல மடங்கு ஏறியது. ஒரு வாயை வெட்டியதற்கு ஒரு காயலே எழுந்து உட்கார்ந்தது. சிலிகாவைக் கவனிக்கத் தனி ஆணையம் இருக்கிறது, அது ஒரே மாநிலத்துக்குள் இருக்கிறது. நம்முடையதில் முக்கிய வாய் இங்கே, வயிறு அங்கே. இரண்டு மாநிலங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசவேண்டிய ஒரு நீர், இரண்டு மாநிலமும் தன் ஓரம் என்று நினைக்கிற இடத்தில் இருக்கிறது. என் கட்சி இதுதான்: சரணாலயம் என்று போர்டு வைப்பதற்கு முன்னால், முகத்தின் ஆழத்தை மாதாமாதம் அளந்து எழுதிப் போடுகிற ஒரு போர்டு வையுங்கள். ஊரில் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி முதல் மாசி வரை போங்கள். காலை ஏழு மணிக்குள் கரையில் இருங்கள். பைனாகுலர் இல்லாமல் போனால் வேட்டி காயப்போட்டதை மட்டும் பார்த்துத் திரும்புவீர்கள். பறவை எழும்பிப் பறக்கிற படம் வேண்டும் என்று கல்லெறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; நீங்கள் அந்த ரகம் என்றால் போகாதீர்கள். சவாரி போகலாம் வாங்க என்று யாராவது படகுக்குக் கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அமைதியாகத் தெரிகிற நீர்தான், ஆனால் முகத்துக்குப் பக்கத்தில் இழுப்பு வேறு. ஏலம் நடக்கிற கரையில் இறால் வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். கரையோரம் பறியோடு உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் கிடைத்தால் இன்னும் நல்லது. பெட்டியும் ஐஸும் நீங்களே கொண்டுபோங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் மொகம் தெறந்துகீதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், பதில் முடிய அரை மணி நேரம் ஆகும்.